கோலங்கள் திரும்பப் பார்க்கப் போறீங்களா? அக்கா சொல்றதைக் கேட்டுட்டு உட்காருங்க

போன தீபாவளிக்கு மஸ்கட்ல இருந்து வந்த என் கடைசித் தங்கச்சி, ஊருக்குக் கிளம்பறதுக்கு முந்தின நாள் சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, "அக்கா, கோலங்களை முதல்ல இருந்து பார்க்கணும்போல இருக்கு. எங்க ஆரம்பிக்கிறதுன்னே தெரியல"ன்னா. அம்மாவும் நானும் அப்போ இருநூறு எபிசோடு தாண்டியிருந்தோம். பொங்கல் முடிஞ்ச வாரம் ஆரம்பிச்சது. தட்டுத் தடுமாறி நாங்க கத்துக்கிட்டதையெல்லாம் அன்னைக்கு அவளுக்கு ஒரு தாள்ல எழுதிக் கொடுத்தேன். அதைத்தான் இப்போ உங்களுக்கும் சொல்றேன்.

முதல்ல கணக்கு போட்டுக்கோங்க. கோலங்கள் 2003 நவம்பர் 24, திங்கட்கிழமை சன் டிவில ஆரம்பிச்சு, 2009 டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை முடிஞ்சது. 1,500 எபிசோடுக்கு மேல. விளம்பரம் போக ஒண்ணு 20 நிமிஷம்னு வெச்சாலே 500 மணி நேரம். தூங்காம கொள்ளாம பார்த்தாலும் மூணு வாரம் ஆகும். அதனால "முழுசா பார்த்துடப்போறேன்"னு வீட்ல அறிவிச்சுடாதீங்க. முப்பதாவது எபிசோடுல சலிச்சுப்போய் விட்டுடுவீங்க. என் நடுத் தங்கச்சி ரெண்டு தடவை அப்படித்தான் விட்டா. முதல் ரெண்டு வருஷம்னு ஒரு எல்லை வெச்சுக்கோங்க. வாரத்துக்கு அஞ்சுன்னு ஓடின சீரியல், அப்போ சுமாரா 520 எபிசோடு.

முதல் ரெண்டு வருஷம்னு நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பின்னாடி கதை பெருசாயிடும். ஆதியோட பகை வளர்ந்து, தொழில் போட்டி, சூழ்ச்சின்னு வேற ஒரு உயரத்துக்குப் போகும். அஜய் கபூர் நடிச்ச அந்த ஆதியை ஊரே திட்டித் தீர்த்தது எனக்கும் ஞாபகம் இருக்கு, அந்தப் பகுதியும் எனக்குப் பிடிக்கும். ஆனா ஆரம்பத்துல இருக்கிற அபி நம்ம வீட்டுப் பொண்ணு. அப்பா வேற குடும்பத்தோட இருக்க, அம்மாவையும் தங்கச்சிங்களையும் தம்பியையும் தன் சம்பளத்துல தாங்கிப் பிடிக்கிற மூத்தவ. கல்யாணத்தைத் தள்ளிப் போடுறா. கல்யாணம் ஆனா புகுந்த வீட்டுக்கு அவளைவிட அவ சம்பளம்தான் பெருசாத் தெரியுது. வீட்டு வரவு செலவும், முகம் பார்த்துப் பேசுற பேச்சும், சாப்பாட்டுத் தட்டு முன்னாடி வர்ற மௌனமும்தான் அங்க கதை. அதை நிதானமா திரும்பப் பார்க்கணும்.

ஒரு நாளைக்கு ஒண்ணுதான். இது ஒண்ணுல மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அஞ்சாறு எபிசோடைச் சேர்த்துப் பார்த்தா அழுகையும் இழுவையும்தான் கண்ல படும். நேத்து முடிஞ்ச காட்சியையே இன்னைக்கும் காட்டுறது, ஒரே வசனத்துக்கு மூணு பேர் முகத்தை மாத்தி மாத்திக் காட்டுறதெல்லாம் வரிசையா வந்தா யாருக்குமே எரிச்சல் வரும். ஆனா இந்தக் கதையை எழுதினவங்க, ஒரு எபிசோடுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஒரு முழு நாள் இருக்கும்னு நம்பித்தான் எழுதினாங்க. அந்த நாள் பூரா தெருக்குழாய்ல, பஸ்ல, ஆபீஸ் டிபன் டப்பாவைச் சுத்தின்னு பேச்சு ஓடும். பேசிப் பேசி நாமதான் மீதிக் கதையை நிரப்பினோம். அந்த இடைவெளியைக் கொடுத்துப் பாருங்க, அதே எபிசோடு வேற மாதிரி இருக்கும். சனி, ஞாயிறு லீவு விடுங்க, அப்பவும் அப்படித்தானே. வெள்ளிக்கிழமை ஒரு முடிச்சுல நிறுத்திட்டு திங்கட்கிழமை வரைக்கும் தவிக்க விட்டாங்களே, அந்தத் தவிப்பு இல்லாம கோலங்கள் ஏது?

டிவியில போட்டுப் பார்க்கிறவங்க படத்தோட அளவை முதல்ல சரிபண்ணிடுங்க. அப்போ டிவி கிட்டத்தட்ட சதுரமா இருந்துச்சு, படமும் அதே 4:3 அளவுலதான் எடுத்தாங்க. இப்போ இருக்கிற அகல டிவி அதை இழுத்துக் காட்டும். அபியா நடிச்ச தேவயானி முகம் அகலமாகி, சுவர்ல மாட்டின சாமி படமெல்லாம் பருத்துத் தெரியும். நாங்க ஒரு வாரம் அப்படியே பார்த்தோம். "இந்தப் பொண்ணு அப்பவே இவ்வளவு குண்டாவா இருந்துச்சு"ன்னு அம்மா கேட்டப்புறம்தான் எனக்கு உறைச்சது. ரிமோட்ல படத்துக்கான செட்டிங்ஸ் போய் 4:3ன்னு வெச்சா ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், முகம் முகமா இருக்கும். போன்ல பார்த்தா, ரெண்டு விரலால படத்தைப் பெருசாக்காதீங்க. தலையும் பாதமும் வெட்டுப்படும்.

தயாரிச்ச விகடன் டெலிவிஸ்டாஸ்காரங்களோட யூடியூப் சேனல்லயே பழைய எபிசோடுங்க இருக்கு, அங்கயே பாருங்க. யாரோ வெட்டி ஒட்டிப் போட்டதுல ஆரம்பிச்சா பாதிக் காட்சி இருக்காது. படத்தோட தரத்தை 480க்கு மேல ஏத்தினா டேட்டாதான் செலவாகும். அந்தக் காலத்து நம்ம டிவி படத்துக்கு இருந்ததே 576 வரிதான், இல்லாத தெளிவு எங்க இருந்து வரும்? கொஞ்சம் மங்கலாத்தான் இருக்கும். அப்பவும் கேபிள்ல புள்ளி புள்ளியாத்தானே வந்துச்சு.

சத்தம்தான் பெரிய தொல்லை. பின்னணி இசை ஓங்கி ஒலிக்கும், வசனம் உள்ள போயிடும். வயசானவங்க காதுக்கு அது ரொம்பக் கஷ்டம். டிவி சத்தத்தைக் கூட்டிக்கிட்டே போனா இசையும் சேர்ந்துதான் கூடும். சின்னதா ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கரை அம்மா நாற்காலிக்குப் பக்கத்துல, காதுக்கு நேரா வெச்சேன். இப்போ பாதி சத்தத்துலயே எல்லாம் கேட்குது, பக்கத்து வீட்டுக்கும் தொந்தரவு இல்லை.

இனி நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்து, உங்களுக்கு ஞாபகம் இருக்கிற காட்சிகளை எழுதிக்கோங்க. அம்மாவுக்கு ஞாபகம் இருக்கிறதையும் கேட்டு எழுதுங்க. ஆரம்பிச்சுட்டீங்கன்னா இந்த வாய்ப்பு திரும்ப வராது, புதுசாப் பார்க்கிறது பழைய ஞாபகத்து மேல போய் உட்கார்ந்துக்கும்.

எங்க அம்மா முதல்ல சொன்ன காட்சி இது. ராத்திரி நேரம், நல்ல மழை, அபி குடையில்லாம பஸ் ஸ்டாப்ல இருந்து நடந்து வர்றா, கைப்பையைப் புடவைத் தலைப்பால மூடிக்கிட்டு வர்றா, பையில சம்பளக் கவர் இருக்கு. வீட்டு வாசப்படி ஏறினதும் முதல்ல கவரை எடுத்து நனைஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் தலை துவட்டுறா. அம்மா அதை ஒவ்வொரு அசைவா சொன்னாங்க. நான் நோட்டுல முதல் வரியா எழுதினேன். எபிசோடு நம்பர் கண்டுபிடிச்சதும் பக்கத்துல போடலாம்னு ஒரு கட்டமும் விட்டு வெச்சேன்.

நூறு தாண்டுச்சு, நூத்தம்பது தாண்டுச்சு, அந்தக் காட்சி வரல. ஒருநாள் சாயங்காலம் வெண்டைக்காய் நறுக்கிக்கிட்டே இதை நடுத் தங்கச்சிகிட்ட போன்ல சொன்னேன். அவ கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்புறம் சொன்னா: "அக்கா, அது நீ. அப்பாவுக்கு உடம்பு முடியாமப் போன வருஷம், ஐப்பசி மழையில நீதான் அப்படி வந்தே. அன்னைக்கு எதிர்வீட்டு மாமி வீட்ல சீரியல் ஓடிட்டிருந்துச்சு, நாங்க எல்லாம் அங்கதான் உட்கார்ந்திருந்தோம். நீ வர்றதை அம்மா ஜன்னல் வழியா பார்த்தாங்க."

எனக்கு அந்த நாள் சுத்தமா ஞாபகம் இல்லை. கும்பகோணத்துல எங்க வீட்டு டிவி அப்போ ரிப்பேராகி, சரிபண்ணப் பணம் இல்லாம மூலையில துணி மூடிக் கிடந்ததும், மாமி வீட்டு வாசல்ல ராத்திரி ஆறேழு ஜோடி செருப்பு கிடந்ததும்தான் ஞாபகம் இருக்கு. 2006க்கு அப்புறம் அரசாங்கத்தோட இலவச கலர் டிவி தெருவுக்குத் தெரு வந்து, அவங்கவங்க அவங்கவங்க வீட்ல பார்க்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி எத்தனையோ வீடுகள்ல இப்படித்தான், ஒரு டிவி, ஒரு கூடம், பத்துப் பேர். பாதி எபிசோடை நாம பார்க்கவே இல்லை, பார்த்தவங்க சொல்லித்தான் கேட்டோம். கேட்டது, பார்த்தது, வீட்ல நடந்தது மூணும் இருபது வருஷத்துல ஒண்ணாக் கலந்து போச்சு.

அதனால உங்க வீட்ல யாராவது "இல்லை, இப்படி ஒரு காட்சி வந்துச்சு"ன்னு அடிச்சுச் சொன்னா, உடனே "தப்பு, வரவே இல்லை"ன்னு வாதாடாதீங்க. எழுதி வெச்சுக்கோங்க. அந்த வருஷம் வீட்ல என்ன நடந்துச்சுன்னு மெதுவா விசாரிங்க. நோட்டுல அந்த முதல் வரிக்குப் பக்கத்துல இருந்த கட்டம் இன்னும் காலியாத்தான் இருக்கு. அம்மாகிட்ட நான் எதையும் திருத்தல.

நோட்டுல தினமும் எழுத வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான். எபிசோடு நம்பர், தேதி, ஒரு வரி. நீளமா எழுத ஆரம்பிச்சா நாலாவது நாள் நின்னுடும். புதுசா வர்ற ஆளோட பேர், அவர் யாருக்கு என்ன உறவுன்னு மட்டும் கடைசிப் பக்கத்துல சேர்த்துக்கிட்டே வாங்க. இவ்வளவு நாள் ஓடுற சீரியல்ல ஒரே பாத்திரத்துல நடுவுல ஆள் மாறும், புது முகம் வந்து பழைய பேர்ல கூப்பிட்டா பெரியவங்க குழம்பிடுவாங்க. அப்படி வர்ற இடத்துல படத்தை நிறுத்தி, "அம்மா, இவர் அவரேதான், ஆள் மட்டும் மாறியிருக்கார்"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுத் தொடருங்க.

வயசுப் பொண்ணு வீட்ல இருந்தா அவளையும் உட்கார வைக்க ஒரு வழி இருக்கு. "பழைய சீரியல்"னு கூப்பிட்டா வர மாட்டா. என் பொண்ணு 2022லயிருந்து 2024 வரைக்கும் ஓடின எதிர்நீச்சலை விடாம பார்த்தவ. "அதை எடுத்த திருச்செல்வம்தான் இதையும் எடுத்தார், அதுவும் தானே தொல்காப்பியனா நடிச்சிருக்கார்"னு சொன்னதும் வந்து உட்கார்ந்தா. தொல்காப்பியன்னா அவளுக்குத் தெரியல, "தொல்ஸ்"னு அம்மா சொன்னதும் சிரிச்சுட்டா. அம்மாவுக்கு தேவயானி இன்னமும் காதல் கோட்டை கமலிதான். 1996ல அந்தப் படத்துக்கு அப்பாவோட போனது வரைக்கும் கதை நீளும். நீளட்டும், படத்தை நிறுத்திட்டுக் கேளுங்க. பேத்திக்கு தாத்தாவைப் பத்தி இப்படித்தான் தெரிய வரும்.

சின்னவங்க கேள்வி கேட்பாங்க. "ஏம்மா இந்த அபி எல்லாத்தையும் வாயை மூடிக்கிட்டுப் பொறுத்துக்கிறா? சம்பளத்தை ஏன் அப்படியே தூக்கிக் கொடுக்கிறா?"ன்னு என் பொண்ணு மூணாவது வாரமே கேட்டா. அவளை அடக்காதீங்க, "அந்தக் காலம் அப்படி"ன்னு ஒரே வரியில மூடியும் வைக்காதீங்க. எங்க வீட்ல அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்றதுக்குள்ள அம்மா சொல்லிட்டாங்க: "கொடுக்காம இருந்திருந்தா உன் சித்திங்க படிச்சிருக்க மாட்டாங்க." அதுக்குப் பொண்ணு, "அப்போ அம்மாவுக்கு யார் என்ன கொடுத்தீங்க?"ன்னா. அம்மா டிவியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தாங்க. மறுநாள் காலையில காபி ஆத்திக்கிட்டே, "நீ அந்த மூணு வருஷம் ஒரு பட்டுப்புடவைகூட எடுத்துக்கல இல்ல"ன்னு கேட்டாங்க. அவ்வளவுதான் பேச்சு. இருபது வருஷத்துல முதல் தடவையா அந்தப் பேச்சு எங்களுக்குள்ள வந்துச்சு. அபியைப் பத்திப் பேசினதாலதான் வந்துச்சு. அதனாலதான் சொல்றேன், தனியா ஹெட்போன் மாட்டிக்கிட்டுப் பார்த்து முடிச்சுடாதீங்க. அப்போ யாரோட உட்கார்ந்து பார்த்தீங்களோ அவங்கள்ல ஒருத்தரையாவது சேர்த்துக்கோங்க.

வெளியூர்ல இருக்கிறவங்க ஒரே நம்பரை ஒரே நாள் பார்த்துட்டு, அப்புறம் பேசுங்க. எங்களுக்கும் மஸ்கட்டுக்கும் ஒண்ணரை மணி நேரம் வித்தியாசம். அம்மா எட்டு மணிக்குப் பார்த்து முடிச்சா அவளுக்கு அப்போ ஆறரை, ஆபீஸ்ல இருந்து வந்திருக்கவே மாட்டா. அதனால அவளுக்காகப் பேச்சை மறுநாள் காலைக்கு மாத்திட்டோம். ஒரே நேரத்துல போன்ல இணைஞ்சுக்கிட்டுப் பார்க்க ரெண்டு நாள் முயற்சி பண்ணோம், சத்தம் முன்ன பின்ன வந்து தலைவலிதான் மிச்சம்.

பெரியவங்களோட பார்க்கிறப்போ நேரத்தைக் கவனிங்க. படுக்கப் போற நேரத்துல அழுகைக் காட்சி வேண்டாம். அம்மாவுக்கு ரத்தக் கொதிப்பு இருக்கு, மனசுல பாரத்தோட படுத்தா ராத்திரி பூரா புரண்டுக்கிட்டே இருப்பாங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி பார்த்துட்டு, சாப்பிட்டுக்கிட்டே பேசிட்டு, அப்புறம் படுக்கறதுன்னு வெச்சுக்கிட்டோம். டைட்டில் பாட்டைத் தள்ளி விடாதீங்க. பாட்டு தொடங்கினதும் ராத்திரி மாத்திரையைக் கையில கொடுத்துடுவேன், பாட்டு முடியறதுக்குள்ள போட்டுக்குவாங்க. இந்தப் பழக்கம் வந்ததுக்கு அப்புறம் அந்த மாத்திரை ஒருநாளும் விட்டுப்போகல. கூடவே ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக் காலை நீட்டிக்கச் சொல்லுங்க, ரொம்ப நேரம் தொங்கவிட்டா பாதம் வீங்கிடும்.

கோலங்களைவிட மெட்டி ஒலி உங்க மனசுக்கு நெருக்கம்னா அதையே எடுத்துக்கோங்க. திருமுருகன் எடுத்த அது 2002லயிருந்து 2005 வரைக்கும் ஓடினது, எண்ணிக்கையும் குறைச்சல். அம்மா இல்லாத அஞ்சு பொண்ணுங்களைக் கரையேத்தப் போராடுற அப்பாவா டெல்லி குமார். அக்கா தங்கச்சிங்க சேர்ந்து பார்க்க அதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியல. 2020 ஊரடங்குல சன் டிவியே திரும்பப் போட்டப்போ எத்தனையோ பேர் மத்தியானம் வேலையை ஒதுக்கி வெச்சுட்டுப் பார்த்தாங்க. ஒண்ணு மட்டும் முன்னாடியே மனசைத் தயார் பண்ணிக்கோங்க. விஜியா நடிச்ச உமா மகேஸ்வரி 2021ல, நாப்பது வயசுலயே தவறிட்டாங்க. வீட்ல பெரியவங்களுக்கு அது தெரியாம இருந்தா, நடுவுல யாராவது பட்டுன்னு போட்டு உடைக்கிறதுக்கு முன்னாடி நீங்களே பக்கத்துல உட்கார்ந்து சொல்லிடுங்க. என் நடுத் தங்கச்சியோட மாமியார் அந்தச் செய்தி கேட்டு ரெண்டு நாள் டிவி பக்கமே வரலையாம். அதுக்கும் முந்திப் போகணும்னா ராதிகாவோட சித்தி இருக்கு, 1999ல ஆரம்பிச்சது. அதைப் பார்த்த அனுபவத்தை என் மாமியாரைக் கேட்டுத்தான் எழுதணும், அப்போ நான் வேலை தேடி அலைஞ்சுக்கிட்டிருந்தேன்.

ரெண்டு வருஷ எல்லை வந்ததும் நிறுத்தறதா, தொடர்றதா? முடிவைத் தெரிஞ்சுக்கணும்ங்கிற கட்டாயம் இப்போ யாருக்கும் இல்லை, அது எப்பவோ முடிஞ்ச கதை. ஆதி வந்து எல்லாத்தையும் ஆக்கிரமிக்கிறதுக்கு முன்னாடி, வீடு வீடா இருக்கிற ஏதாவது ஒரு எபிசோடுல நிறுத்திக்கிட்டாலும் குத்தம் இல்லை. என் பொண்ணு ஆதியைப் பார்த்தே ஆகணும்ங்கிறா, அவ தனியாப் பார்க்கட்டும். எங்க அம்மாவுக்கு எங்க நிறுத்தணும்னு அவங்களே சொல்லட்டும்னு விட்டுட்டேன்.

இப்போ சில நாள் பாதியிலேயே அம்மா கண்ணசந்துடறாங்க. எழுப்பாதீங்க, நீங்க மட்டும் மீதியைப் பார்த்துட்டு மறுநாள் கதையைச் சொல்லாதீங்க. சத்தத்தைச் சட்டுன்னு நிறுத்தினா முழிச்சுக்குவாங்க, அதனால கொஞ்சம் கொஞ்சமா குறைச்சு அப்புறம் நிறுத்துங்க. எந்த நிமிஷத்துல தூங்கினாங்கன்னு நோட்டுல எழுதி, மறுநாள் அதுக்கு ரெண்டு நிமிஷம் முன்னாடி இருந்து போடுங்க. நேத்து 231, பதினொண்ணாவது நிமிஷம். இன்னைக்கு ஒன்பதுல இருந்து ஆரம்பிக்கணும்.